கேட்காமல் போட்ட புள்ளிகள்

யாழ்ப்பாணத் தீவகத்து இசைக் கலைஞர்களுக்கு விருது கொடுக்கப்போகிறோம், பரிந்துரைக் குழுவில் நீங்களும் இருக்க வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. உடனே சம்மதித்தேன். ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலையில் பதினாறு வருடமாகச் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினாறு வருடத்தில் இசையைப் பற்றி யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. சரஸ்வதி பூசைக்கு எந்தப் பிள்ளை பாடும், பரிசளிப்பு விழாவில் வரவேற்புப் பாட்டை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க ஏலுமா என்பவைதான் எனக்கு வந்த கேள்விகள். நடுவர் என்ற சொல் காதுக்கு நன்றாக இருந்தது.

விருதை நடத்தியது, இங்கிருந்து வெளிநாடு போனவர்கள் சேர்ந்து அமைத்த ஒரு மன்றம். தலைவர் வெளிநாட்டில் இருந்தார். இங்கே காரியங்களைப் பார்த்தவர் செயலாளர். ஓய்வுபெற்ற அதிபர் என்பதால் எல்லோரும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். பாட விரும்புகிறவர்கள் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, தாங்கள் பாடிய ஒலிப்பதிவைச் சேரின் போனுக்கு அனுப்ப வேண்டும். சேர், நான், ஒரு மிருதங்க ஆசிரியர் என்று நாங்கள் மூன்று பேர் அவற்றைக் கேட்டு, வாய்ப்பாட்டுக்கு ஐந்து பேரைப் பரிந்துரைக்க வேண்டும். அந்த ஐவரின் படமும் பெயரும் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டப்படும். விழா அன்று ஐவரில் ஒருவருக்கு விருது. இதுதான் ஏற்பாடு.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை சேரின் வீட்டு முன்னறையில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய மிருதங்க ஆசிரியர் வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுங்கோ, நான் பிறகு கையெழுத்து வைக்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். சேர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். பதினான்கு பெயர்கள். அதில் ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே சரி அடையாளம் போடப்பட்டிருந்தது. ஒருத்தி தலைவரின் மைத்துனர் மகள். ஒருவர் தலைவரின் ஊர்க் கோயிலில் பஜனை நடத்துபவர். மூன்றாவது பெயர் என் பழைய மாணவியுடையது.

அந்தப் பெயரைக் கண்டதும் எனக்குள் வந்த சந்தோசத்தை நான் மறைக்கப்போவதில்லை. நான் வளர்த்த பிள்ளை, எங்கள் பாடசாலைக்குப் பெருமை, என்னுடைய பெயரும் சேர்ந்து அடிபடும் என்று மனம் ஓடியது. அதற்குப் பிறகு மற்ற நான்கு பேரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சேர் அதைத் தெரிந்துதான் அவளைச் சேர்த்தாரா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தெரியாது.

மிச்சம் ஒன்பது படிவங்களையும் அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு படிவத்தில் கை நின்றது.

“உவர் செத்தவீட்டில சுண்ணத்துக்குப் பாடுறவர். உவரை மேடையில ஏத்தினால் சனம் ஆர் செத்தது எண்டு கேக்கும்” என்றார்.

நான் சிரித்தேன். பெரிதாகச் சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பிரேதத்தை எடுப்பதற்கு முன் உரலில் சுண்ணம் என்ற வாசனைப் பொடியை இடிப்பார்கள். உறவுக்காரர் உலக்கையைப் பிடித்து இடிக்க, ஒருவர் பக்கத்தில் நின்று அதற்குரிய பாட்டைப் பாடுவார். எல்லாச் செத்தவீடுகளிலும் அந்தக் குரல் வேண்டும். வேறு எந்த வீட்டு வாசலிலும் அந்தக் குரலை ஒருவரும் விரும்பமாட்டார்கள்.

ஒலிப்பதிவுகளைக் கேட்கத் தேவையில்லையா என்று நான் கேட்டதுண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் போனில் கிடக்கிறது, வேண்டுமென்றால் பிறகு கேட்டுப் பார்க்கலாம் என்றார் சேர். அவர் மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். பதினொரு மணி பஸ் வருவதற்கு முன்னரே கூட்டம் முடிந்துவிட்டது.

பட்டியல் வெளிவந்த கிழமையே இணையத்தில் கதை தொடங்கியது. ஐந்து பேரும் யாருடைய ஆட்கள், எந்த அடிப்படையில் எடுத்தீர்கள் என்று யாரோ எழுத, வேறு பலர் அதன் கீழே எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து தலைவர் எங்கள் எல்லோரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டுப் பேசினார். எங்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும், யார் கேட்டாலும் அவர்களுடைய புள்ளிகளைக் கொடுங்கள் என்றார். புள்ளிகள் என்று ஒன்று இருப்பதாக அவர் உண்மையாகவே நம்பினாரா, அல்லது அதை உண்டாக்கும்படி எங்களுக்குச் சொன்னாரா என்பது அவருடைய குரலிலிருந்து தெரியவில்லை. சேர் ஓம், ஓம் என்றார். நானும் ஓம் என்றேன்.

இணையத்தில் சத்தம் போட்டவர்களில் ஒருவரும் புள்ளிகளைக் கேட்டு எழுதவில்லை. கேட்டு எழுதியவர் ஒருவர்தான், நெடுந்தீவுக்காரர்.

அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார். எழுத்து உருண்டை உருண்டையாக, ஒவ்வொரு வரியும் கோட்டில் இருந்து விலகாமல் இருந்தது. அதில் கோபம் இல்லை. நான் முறையாகப் படித்தவன் அல்ல, என் தகப்பனார் பாடியதைக் கேட்டுப் பாடுகிறேன், என்னைத் தெரிவு செய்யாதது பிழை என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனால் என் பாட்டில் என்ன குறை என்று தெரிந்த ஆட்கள் சொன்னால் அதைத் திருத்திக்கொண்டு அடுத்த முறை விண்ணப்பிப்பேன், இதுவரை அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதி, தயவுசெய்து பதில் போடும்படி கேட்டிருந்தார்.

சேர் அந்தக் கடிதத்தையும் பதினான்கு வெறும் புள்ளித்தாள்களையும் எடுத்துக்கொண்டு ஒரு இடைவேளையில் பாடசாலைக்கு வந்தார். தாள்களைத் தானே கணினியில் அடித்திருந்தார். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம், குரல்வளம். ஒவ்வொன்றுக்கும் இருபது. கீழே நடுவரின் குறிப்பு என்று இரண்டு கோடுகள்.

“பட்டியலில உள்ள ஆக்களுக்கு எழுபதுக்கு மேல போடுங்கோ, மற்றவைக்கு அறுபதுக்குக் கீழ. கூட்டம் நடந்த திகதியைப் போடுங்கோ.”

அவர் என்னை மிரட்டவில்லை. நான் ஏலாது என்று சொல்லியிருந்தால் கோபித்திருக்கவும் மாட்டார், தானே எழுதியிருப்பார். அப்படி அவர் எழுதியிருந்தால் அது இவ்வளவு கெடுதலாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவருக்குச் சங்கீதம் தெரியாது. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுதுவதுபோல இன்னும் முயற்சி தேவை என்று எழுதியிருப்பார்.

எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயது, பயிற்சி இல்லை, திறந்த வெளியில் பறைச் சத்தத்துக்கு மேலாகப் பாடிப் பழகிய தொண்டை. அப்படிப்பட்டவரின் பாட்டில் என்ன குறை இருக்கும் என்று நான் ஆசிரியர் அறையில் இருந்து ஊகித்தேன். சுருதி எட்டு, தாளம் பதினொன்று, உச்சரிப்பு பதினான்கு, பாவம் பத்து, குரல்வளம் ஒன்பது. மொத்தம் ஐம்பத்திரண்டு. உச்சரிப்புக்குக் கொஞ்சம் கூடப் போட்டால்தான் மற்றவை நம்பும்படியாக இருக்கும் என்று நினைத்துப் போட்டேன். பிறகு குறிப்பு எழுதினேன். சுருதி சேர்வதில் குறைபாடு உண்டு. மேல்ஸ்தாயியில் குரல் பிசிறுகிறது. முறையான பயிற்சி அவசியம்.

எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். சேரும் வாசித்துவிட்டு, இப்படி எழுத உங்களால்தான் முடியும் என்றார். மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போனேன். தாள் பதிவுத் தபாலில் நெடுந்தீவுக்குப் போனது.

விழா நடந்தது. தலைவரின் மைத்துனர் மகளுக்கு விருது கிடைத்தது. என் மாணவி மற்ற மூவரோடும் மேடையில் நின்று கைதட்டிவிட்டு இறங்கி வந்தாள். நான் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன், எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பிறகு நாலைந்து மாதம் நான் எதையும் நினைக்கவில்லை. எங்கள் பாடசாலையில் நெடுந்தீவைச் சேர்ந்த ஒரு ஆசிரியை இருக்கிறார். அவர் மாமா இறந்து ஒரு கிழமை லீவில் போய் வந்தவர், ஆசிரியர் அறையில் எங்களுக்கு அந்தச் செத்தவீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுண்ணம் இடிக்கும்போது பாட ஆள் இல்லையாம். யாரோ போனில் ஒரு பாட்டைத் தேடி எடுத்து, ஒலிபெருக்கிப் பெட்டியில் கொழுவிப் போட்டார்களாம். பாட்டு நடுவில் ஒரு விளம்பரம் வந்து, அழுதுகொண்டிருந்த சனமே சிரித்துவிட்டதாம்.

ஏன், அங்கே ஒருவர் பாடுவாரே என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்கும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“அவர் இப்ப பாடுறேல்லை. ஆரோ விருது குடுக்கிற ஆக்கள் சுருதி பிழை எண்டு எழுதி அனுப்பினவையாம். அந்தக் கடுதாசியைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறார். பாடச் சொல்லிக் கேட்டால் அதை எடுத்துக் காட்டுறார்.”

மற்ற ஆசிரியைகள் பாவம் என்றார்கள். ஒருத்தி சிரித்தாள். நான் நடுவராக இருந்ததை அவர்கள் அறிவார்கள், ஆனால் இரண்டையும் ஒருவரும் தொடர்புபடுத்தவில்லை. நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

அன்றைக்குப் பாடசாலை விட்டதும் நேரே சேரின் வீட்டுக்குப் போனேன். அந்த ஒலிப்பதிவை நான் கேட்க வேண்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்துத் தேடிக்கொடுத்தார். நெடுந்தீவு இலக்கத்திலிருந்து வந்த பதிவு அங்கே இருந்தது. அதன் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி. இறக்கப்படாத கோப்பில் இருக்கும் அடையாளம் அது. தொட்டேன். இந்தக் கோப்பு இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள் என்று வந்தது. மற்ற இலக்கங்களையும் தட்டிப் பார்த்தேன். மற்றப் பதிவுகள் எல்லாவற்றிலும் அதே அம்புக்குறி. விருது வாங்கியவளுடையதிலும் இருந்தது. என் மாணவியுடையதிலும் இருந்தது.

பதினான்கு பேர் தங்கள் தங்கள் வீட்டில் கதவைச் சாத்தி, பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லிப் பாடி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றையும் ஒருவரும் திறக்கவில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்தப் போன் அப்போது நிறைந்துபோய் இருந்தது என்றார்.

படிவத்தில் இருந்தது பாடியவரின் மனைவியுடைய இலக்கம். நான் அவரைக் கூப்பிட்டு, யார் என்று சொல்லி, அந்த ஒலிப்பதிவைத் திரும்ப ஒருமுறை அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

“கேட்டுப்போட்டுத்தானே ரீச்சர் புள்ளி போட்டனீங்கள்?” என்றார்.

இப்போது அது என்னிடம் இல்லை என்று நான் ஏதோ இழுத்தேன். அவர் போனை வைத்துவிட்டார். இனி வராது என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலம் கழித்துப் பதிவு வந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த நாள் பின்நேரம், பிள்ளைகள் போன பிறகு, சங்கீத அறையில் இருந்து அதைக் கேட்டேன். முதலில் ஒரு மாடு கத்தியது. ஒரு பெண் குரல், தொடங்குங்கோ என்றது. பிறகு அவர் பாடினார். சுருதிப்பெட்டி இல்லை, எந்தத் துணையும் இல்லை. குரல் கீழேயே நின்றது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் உலக்கை விழுவதற்கு இடம் விட்டு, அந்த இடத்தில் மூச்சு எடுத்தார். உலக்கை இல்லாமலே எனக்கு அது விழுவது கேட்டது. நான் சுருதிப்பெட்டியை எடுத்து அவர் தொடங்கிய இடத்தில் வைத்தேன். ஏழு நிமிடம் பாடியவர், ஏழு நிமிடமும் அந்த இடத்திலிருந்து மயிரிழையும் விலகவில்லை. என் வகுப்பில் பல்கலைக்கழகம் வரை போன பிள்ளைகளுக்கும் அப்படி நிற்க ஏலாது. எனக்கும் ஏலாது.

இரண்டாவது தரம் கேட்டபோதுதான் மற்றதைக் கவனித்தேன். அவர் மேல்ஸ்தாயிக்குப் போகவே இல்லை. அந்தப் பாட்டில் அப்படி ஒரு இடமே கிடையாது. பிசிறுகிறது என்று நான் எழுதிய இடத்தில் அவர் வாய் திறந்திருக்கவே இல்லை. அதை வாசித்தபோது, இந்த நடுவர் என் பாட்டைக் கேட்கவில்லை என்று அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை. ஸ்தாயி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்த ஆட்கள் எழுதியது, தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமை வேலணைக்குப் போய் பஸ் மாறி, குறிகட்டுவானில் படகெடுத்தேன். கடல் அலை எறிந்துகொண்டிருந்தது. படகுக்குள் இரண்டு பேர் சத்தி எடுத்தார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். இறங்கி, பெட்டி கொழுவிய ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏறிக் கேட்டுக் கேட்டுப் போனேன். முருகைக்கல் மதிலுக்கு உள்ளே ஓட்டு வீடு. அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். யார் என்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார், தான் இருக்கவில்லை.

அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. நான் உங்கள் பாட்டைக் கேட்காமல்தான் புள்ளி போட்டேன், அதில் எழுதியது எல்லாம் நானாக நினைத்து எழுதியது, ஒன்றும் உண்மையில்லை, இப்போது கேட்டேன், உங்கள் சுருதியில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அதை அடக்கினேன். அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டிவரும், அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ரீச்சர், நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம். ஆனால் நீங்கள் எழுதினது சரிதான். கடுதாசி வந்த பிறகு நான் பாடிப் பாத்தனான். பிசிறுது. முந்தி எனக்குக் கேக்கேல்லை. இப்ப கேக்குது.”

இல்லை அண்ணை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். போனில் பதிவைப் போட்டுக் காட்ட முயன்றேன். அவர் கையை நீட்டி மறித்தார், அதைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை. நான் இரக்கப்பட்டு வந்திருக்கிறேன், ஊரில் கதை பரவியதால் தேற்ற வந்திருக்கிறேன் என்று அவர் முடிவெடுத்துவிட்டார் என்பது விளங்கியது. கையெழுத்தும் திகதியும் போட்ட தாளை நம்பியவருக்கு, கதிரையில் இருந்து வாயால் நான் சொன்னதை நம்ப முடியவில்லை.

அவர் மாட்டைப் பார்க்கவென்று போனபிறகு, குசினி வாசலில் நின்ற அவர் மனைவி கிட்ட வந்தார்.

“நீங்கள் ஒரு பதிலும் போடாமல் விட்டிருந்தால் நாங்கள் உங்களைத் திட்டிப்போட்டு விட்டிருப்பம் ரீச்சர். சொந்தக்காரருக்குக் குடுத்துப்போட்டாங்கள் எண்டு நாலு நாள் கதைச்சிருப்பம். இவர் அடுத்த செத்தவீட்டில பாடியிருப்பார்.”

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியது தான்தான் என்றும், அவருக்கு அதில் பெரிய எண்ணம் இருக்கவில்லை என்றும் சொன்னார். போர்க்காலத்தில் படகு ஓடாமல் ஐயரும் வரமுடியாத நாட்களில் அவர் தனியாக நின்று பாடித்தான் எத்தனையோ பேரை அனுப்பினார், அந்தக் குரலை வெளியில் நாலு பேர் கேட்க வேண்டும் என்று தனக்குத்தான் ஆசை என்றார். தேத்தண்ணி தந்தார். குடித்தேன். கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது.

மன்றத்துக்கு நான் எழுதினேன். வாய்ப்பாட்டுக்கு வந்த ஒரு பதிவையும் நாங்கள் கேட்கவில்லை, புள்ளிகள் பிறகு எழுதப்பட்டவை, இதை மன்றம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும், விண்ணப்பித்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். சேர் என்னைத் தேடி வந்து, இதனால் வெட்கப்படப்போவது தலைவர் அல்ல, ஐந்து பிள்ளைகள் என்றார். அதில் ஒருத்தி நான் படிப்பித்தவள் என்பதையும் நினைவுபடுத்தினார். அது உண்மைதான். அவள் அதைக் கேள்விப்பட்டு என் வீட்டுக்கு வந்து, நான் தகுதியில்லாமலா மேடையில் நின்றேன் ரீச்சர் என்று கேட்டாள். உன்னுடையதையும் நாங்கள் கேட்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

தலைவர் என் சேவைக்கு நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பினார். அன்று பின்நேரமே போனில் இருந்த குழுவிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. நானாகவே இணையத்தில் எழுதினேன். ஒரு நாள் சிலர் பகிர்ந்தார்கள். நடுவர் வேலை போனதால் எழுதுகிறாள் என்று இரண்டு பேர் எழுதினார்கள். அடுத்த வருடம் மன்றம் பரிந்துரைப் பட்டியலோடு எல்லோருடைய புள்ளிகளையும் கட்டம் போட்டு வெளியிட்டது. சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம், குரல்வளம் என்று அதே ஐந்து தலைப்பு. இவ்வளவு வெளிப்படையாக ஒரு விருதை இங்கே ஒருவரும் நடத்தியதில்லை என்று கீழே பலர் பாராட்டியிருந்தார்கள். அவர்கள் பதிவுகளைக் கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கவும் கூடும்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் விடிய நெடுந்தீவுக்காரரின் மனைவி கூப்பிட்டார். என்னைப் பற்றி நல்ல எண்ணம் வந்து கூப்பிடவில்லை என்பது குரலில் தெரிந்தது. கணவரின் தமையன் மோசம் போய்விட்டார். சொந்தத் தமையனுக்கும் பாடமாட்டேன் என்று நிற்கிறார், நீங்கள் வந்து சொன்னால் சில வேளை பாடுவார், வர ஏலுமா என்று கேட்டார். அதிபரிடம் லீவு சொல்லிவிட்டு முதல் படகில் போனேன்.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு ஓரமாக நின்றார். நான் பக்கத்தில் போய், உங்கள் அண்ணைக்காக ஒரு தரம் பாடுங்கோ, யாரும் புள்ளி போட வரவில்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உரலும் உலக்கையும் கொண்டுவந்து வைத்தார்கள். தமையனின் பிள்ளைகளான பெறாமக்கள் இரண்டு பேர் உலக்கையைப் பிடித்தார்கள். பறை நின்றது. ஒலிபெருக்கிப் பெட்டியோடு முன்னால் வந்த ஒருவரை அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உரலடிக்கு வந்தார்.

முதல் அடியைப் பாடினார். பதிவில் நான் கேட்ட அதே குரல், அதே இடம். உலக்கை விழுந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியின் நடுவில் அவர் முகம் மாறுவதைக் கண்டேன். தன் குரலுக்குத் தானே காது கொடுத்துக் கேட்கிற முகம். குரல் தயங்கியது. நின்றது. இருமிவிட்டுத் திரும்பத் தொடங்கினார், திரும்பவும் அதே இடத்தில் நின்றார்.

அத்தனை சனத்துக்கு நடுவில் அவர் என்னைத் தேடிப் பார்த்தார்.

“கேட்டுதோ ரீச்சர்?”

“இல்லை அண்ணை. ஒண்டும் பிசிறேல்லை. பாடுங்கோ.”

உண்மையாகவே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். பொய் சொல்லுகிற ஒருவரைக் கோபிக்காமல் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் பின்னால் போய், பனையடியில் குந்திக்கொண்டார். உலக்கை பிடித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்காரர் போனை எடுத்தார். பாட்டு வந்தது, நல்ல பயிற்சியுள்ள ஒரு குரல், பின்னால் வீணையும் தபேலாவும். இடிப்பவர்கள் அந்தத் தாளத்தோடு சேர முடியாமல் முன்னும் பின்னுமாக இடித்து முடித்தார்கள்.

பிரேதம் போனபிறகு பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நான் சொல்லிக்கொண்டு புறப்பட அவர் மனைவி படலை வரை வந்தார்.

“இனி வராதேங்கோ ரீச்சர். உங்களைக் கண்டால் அவருக்கு அந்த ஞாபகம்தான் வரும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையை ஒருமுறை பிடித்து விட்டார்.

அதற்குப் பிறகு நான் நெடுந்தீவுக்குப் போகவில்லை. எங்கள் பாடசாலையில் இருக்கும் அந்த ஊர் ஆசிரியையிடம் எப்போதாவது அவரைப் பற்றிக் கேட்பேன். மாடுகளோடு இருக்கிறார், செத்தவீடுகளுக்கு வருகிறார், பின்னால் நிற்கிறார் என்று சொல்வார்.